கையை வீசி முகர்ந்தவள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை வேதியியலில் முனைவர். அவள் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தை இழுத்து மூடியதிலிருந்து என் வீட்டு ஹாலில், சோபாவில் படுத்துக்கொண்டு வேலை தேடுகிறாள். போன வாரம் ஒரு நேர்முகத்துக்குப் போய் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் ரொம்பப் படிச்சிட்டேனாம்."

பெரிய வியாதி என்று ரிப்போர்ட் வந்தவள் போல இருந்தது முகம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிக்காததற்குத் திட்டு வாங்கித்தான் எங்கள் வீட்டில் பழக்கம்.

(என் கணவர், "டாக்டரம்மாவுக்கு இன்னிக்கும் ஒண்ணும் தேறலியா?" என்றார். கிண்டல்தான். அவள் அன்று சாப்பிடவில்லை. இதையெல்லாம் கதையில் சேர்க்காதே என்று கேட்டுக்கொண்டார். அதனால்தான் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'கல்வி என்பது ஒரு சமூகத்தின்...' வேண்டாம், மைக் பிடித்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: 'வானம் மூட்டமாக இருந்த அந்தக் காலையில் அவள்...' வானத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

நேராகவே போகிறேன். பினாயிலும் பாத்திரம் கழுவும் திரவமும் தயாரிக்கிற சின்னக் கம்பெனி. பாட்டிலில் ஊற்றி மூடி போடுகிற வேலை, பத்தாவது போதும். கதையில் வருகிற தங்கை பட்டங்களை அலமாரியில் பூட்டிவிட்டு, பத்தாவது என்று சொல்லிக்கொண்டு போகிறாள். வேலை கிடைத்தால் ஒரு அறை பார்த்துக்கொண்டு அந்த சோபாவை விட்டு எழுந்துவிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நரைத்த மீசை வைத்த மேற்பார்வையாளர் திறந்த பாட்டில் ஒன்றை நீட்டுகிறார். "கெட்டுப்போச்சான்னு மோந்து பாத்துச் சொல்லும்மா." அவள் பாட்டிலை மூக்கில் வைத்து...

இந்த இடத்தில் என் தோளுக்குப் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. "ஐயோ, மூக்குல வச்சா மோப்பா?"

"பின்ன எப்படி?"

அவள் பாட்டில் இருப்பதுபோல ஒரு கையைத் தள்ளிப் பிடித்து, மறு கையால் காற்றை மெல்லத் தன் பக்கம் வீசிக் காட்டினாள். "இப்படித்தான். வருஷக்கணக்கா லேப்ல இருந்துட்டா வீட்டுல பாலைக்கூட இப்படித்தான் மோப்போம். மறைக்கணும்னு நெனச்சாலும் கை போயிடும்."

எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

3

திருத்தி எழுதியது: அவள் பாட்டிலைத் தள்ளிப் பிடித்தாள். இன்னொரு கை தன்னாலே எழுந்து காற்றை வீசியது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

மேற்பார்வையாளர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை வருஷம் லேப்ல இருந்தே?"

"சார், நான் பத்தாவதுதான்..."

"என்கிட்டயேவா?"

பாட்டிலை வாங்கித் தள்ளிப் பிடித்தார். அவருடைய கையும் அதே மாதிரி வீசியது.

"முதலாளியைப் பொறுத்தவரைக்கும் நான் பத்தாவது ஃபெயில். அவர் எதிர்ல எதையும் மோக்க மாட்டேன், அடுத்தவங்க தலையில கட்டிடுவேன்." குரல் இறங்கியது. "படிச்சவன்னு தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாரும்மா. ரெண்டு பேர் ஒரே மாதிரி கையை வீசிட்டு நின்னா, அவர் என்னன்னு கேக்க மாட்டாரா?"

("இப்படி நடக்கவே இல்லியேக்கா" என்று தங்கை என் பேனாவைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துவிட்டு அவளே திருப்பிக் கொடுத்தாள்.)

4

முடிவு ஒன்று: அவர் வேலை கொடுக்கிறார். சோபா காலியாகும், என் கணவருக்குப் பிடிக்கும். அடுத்த மாதமே இரண்டு பேர் கைகளும் மாட்டிக்கொள்ளும்.

முடிவு இரண்டு: அவர் வேண்டாம் என்கிறார். அவள் முதலாளியிடம் அவரைப் போட்டுக்கொடுத்து, அவர் இடத்தில் தானே... முடிக்க மனசு வரவில்லை. அவரும் யார் வீட்டு சோபாவிலிருந்து எழுந்து வந்தாரோ.

"நீயா இருந்தா என்னடி பண்ணுவே?" என்று கேட்கலாமென்று அவளைத் தேடிப் போனேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நாளைக்கு இன்னொரு நேர்முகம். காலிப் பாட்டில் ஒன்றை மூக்கில் வைத்து முகர்ந்து பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் மறு கை எழுந்தது. கடைசியில் அதை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கதையில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். முதலாளி தலையை நீட்டுகிறார். "என்னய்யா, இந்தப் பொண்ணு தேறுவாளா?"

மேற்பார்வையாளர் அவளைப் பார்க்கிறார். அவள் அவரைப் பார்க்கிறாள். என்னால் முடிக்க முடியவில்லை, நான் எழுந்துவிட்டேன். மேற்பார்வையாளருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். முதலாளி பதிலுக்குக் காத்திருக்கிறார். கையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.