கதவு வரி

ஓடுகிற நிரலில் கைவைக்காதே என்று அத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் நூற்றுப் பதினேழு இடத்தில் கைவைத்தாள்.

ஆஸ்பத்திரி லிஃப்டின் பழைய கட்டுப்பாட்டுப் பலகைக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது. அந்தப் பலகையைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டரை சி மொழியில் எழுதியவர் அத்தான். அக்காவின் கணவர், அலுவலகத்தில் அவளுக்கு மேலாளர். அக்கா அதே ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். அத்தானுக்கு நல்ல மூளை, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நிரலில் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்கவே மாட்டார். கொடுக்காவிட்டால் நினைவகத்தில் முன்பு கிடந்த குப்பை எதுவோ, அதுதான் மதிப்பு. குருட்டு அதிர்ஷ்டத்தில் சோதனை மேசையில் எட்டு மாதம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும்.

அவள் எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பூஜ்யம் போட்டாள். அங்கேதான் சறுக்கினாள். சோதனை மேசையில் சுவிட்சைப் போட்டதும், மாதிரிக் கதவு ஆவென்று திறந்து கிடக்க, மோட்டார் ஜம்மென்று சுற்றியது. மறுபடி போட்டாலும் அதே கதை. அந்தப் பலகையில் ஒன்று என்றால் கதவு திறந்திருக்கிறது, பூஜ்யம் என்றால் மூடியிருக்கிறது. சென்சார் வாய் திறக்கும் முன்பே அவளுடைய பூஜ்யம் பொய் சொல்லிவிட்டது.

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! எல்லாத்தையும் பழையபடி மாத்து. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவருடைய பழைய நிரலையே ஏற்றி, சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டாள். முப்பத்தெட்டாவது தடவை, திறந்த கதவோடு மோட்டார் சுற்றியது. அத்தானின் சிரிப்பு நின்றது.

"என் தப்பு ஒவ்வொரு தடவையும் நடக்குது அத்தான். அதான் பத்தே நிமிஷத்துல மாட்டிக்கிச்சு. உங்க தப்பு எப்பவோ ஒரு தடவைதான் நடக்கும். ஆளை முழுங்கினப்புறம்தான் வெளிய தெரியும்."

"எப்பவோதானே? வெள்ளிக்கிழமைன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

அவள் தன் நிரலின் கதவு வரியில் பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டாள். சென்சார் சொல்லும்வரை கதவு திறந்தே இருக்கட்டும். "மிச்சம் நூத்திப் பதினாறையும் பழைய பலகைக் கையேட்டோட ஒத்துப் பாக்கணும். மூணு நாள் ஆகும்."

"முடியாது. பழசுதான் போகும்."

"என்னை வேணா அனுப்பிடுங்க, போறேன். என் கையால மாத்த மாட்டேன். நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அக்கா தினம் அந்த லிஃப்ட்லதான் ஏறுறா. அவகிட்டயும் எப்பவோதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சோதனை மேசையில் அந்தக் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அத்தான் அதைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். வெள்ளிக்கிழமை முடியாது என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார்கள் போல.

"என் கோட்ல தப்பு இருக்கு," என்றார்.