தோஹாவிலிருந்து குண்டசாலைக்கு

கண்டி கொழும்பு வீதியில் முப்பது வருஷமாகத் துணிக்கடை நடத்தும் ஜமால்தீன், பேரம் முடியும்வரை தொண்டை வற்ற வாதாடுவார். முடிந்து தலையாட்டிவிட்டால் கடையே கவிழ்ந்தாலும் அதுதான் விலை. அந்த மனிதர் அன்று மாலை, குண்டசாலையில் மையத்து வீட்டு வாசலில் நின்று நேரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அவருடைய மூத்த சகோதரி, ராத்தா ஹவ்வா உம்மா, அசர் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிக் கண்மூடியிருந்தார். ஒரே மகன் ஹபீல் தோஹாவில். மையத்தை அதிகம் காக்கவைப்பது ஊரில் வழக்கமில்லை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் நம்பிக்கையாளர் முஹைதீன் ஹாஜியார் காலை ஒன்பது மணிக்கு அடக்கம் என்றார்.

"ஒம்பது கட்டாது ஹாஜியார். உம்மாட மொகத்த ஒருக்காப் பாக்கட்டும் அவன்."

"அப்ப எத்தன மணிக்கு?"

ஜமால்தீன் கணக்கைத் தயாராக வைத்திருந்தார். மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றர், நாலே முக்கால் மணித்தியாலப் பறப்பு. ஹபீலின் விமானம் விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்புகிறது; ஆறே முக்காலுக்குக் கட்டுநாயக்க விமான நிலையம். பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. கடுகண்ணாவ ஏற்றத்தையும் சேர்த்து வீடுவரை மூன்றரை மணித்தியாலம். பத்தே முக்கால்.

"பதினொண்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷமும் கேக்க மாட்டேன்."

ஹாஜியார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். ஜமால்தீன் தலையாட்டினார்.

மறுநாள் காலை ஏழரை ஆகியும் ஹபீலின் அழைப்பு வரவில்லை. கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி பாயிஸா, "இப்பவே எப்படி எடுப்பான்? பாதி வழியில, ஆகாயத்திலதான் ஈப்பான்" என்றாள்.

"ரெண்டு மணிக்கு ஏறினவன்."

"அது அங்கத்த ரெண்டு. நம்மட்ட அப்ப நாலரை. ஒம்பதேகாலுக்குத்தான் எறங்குவான்."

ஜமால்தீன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். ஆயுள் முழுக்கத் துணி அளந்தவர், அளவுகோலின் நுனியைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறார். ஹபீல் வந்து சேர ஒன்றேகால் ஆகும். பதினொன்றுக்குத் தூக்கினால், அவனுக்குக் கிடைப்பது ஈர மண் மட்டுந்தான்.

பள்ளிவாசலுக்குப் போகும் வழியெல்லாம் வாய்க்குள்ளே சொற்களை உருட்டிப் பார்த்தார். முடிந்த விலையை மாற்றக் கேட்பவனை அவர் கடையில் எப்படியெல்லாம் கேலி செய்திருக்கிறார் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முற்றத்தில் நின்ற ஹாஜியாரிடம், பேரத்தின் முதல் பாடத்தையே மறந்து, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"ஹாஜியார், என்ட கணக்குப் பிழச்சிப் போச்சு. ஒன்றேகால் ஆகும். வாக்கு மாறுறேன். நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

"பதினொண்டு எண்டு பள்ளி ஒலிபெருக்கில அறிவிச்சது கேட்டீங்களா?"

யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லை.

"கபுறு வெட்டுறவங்களுக்கு ஒன்றரை எண்டு நேத்தே சொல்லிட்டேன். என்ட மகளும் தோஹாவிலதானே, அந்த ரெண்டரை மணித்தியால வித்தியாசம் எனக்குப் பாடம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"ராத்தா மௌத்தாகி ஒரு மணித்தியாலம் ஆகல்ல. அந்த நேரத்தில ஒங்கட கணக்குப் பிழ எண்டு சொல்லவா? நீங்க மட்டுந்தான் பேரத்துல கொஞ்சம் கையில வெச்சிக்கிட்டுப் பேசுவீங்களோ?"

ஜமால்தீன் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வாசலில் கூடி நின்றபோது, ஒரு மணிக்கே வேன் வந்துவிட்டது. ஹபீல் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். உம்மாவின் முகத்துத் துணியை விலக்கிக் கொடுத்தவர் மாமா ஜமால்தீன்தான். அவன் அழுது முடியும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

மையத்தைச் சுமக்கும் சந்தூக்கின் முன்காலைத் தோளில் ஏற்ற அவன் கையை உயர்த்தியபோது, அவனுடைய கைக்கடிகாரம் ஜமால்தீனின் கண்ணில் பட்டது. அவன் அதை இன்னும் ஊர் நேரத்துக்கு மாற்றியிருக்கவில்லை.

பத்தே முக்கால்.