வெற்றுச் சொட்டு

வெள்ளைச் சவ்வில் நான்கு சொட்டுகள் வைத்திருந்தாள் யுன்சுல். எலி மூளையிலிருந்து எடுத்த மூன்று கறுக்க வேண்டும், ஒப்பிட வைத்த நான்காவது கறுக்கக் கூடாது. நான்கும் கறுத்திருந்தன.

"அக்கா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஒரே சொத்து ஒரு முயலின் ரத்தம். டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாமல் அதன் தலையில் மட்டும் ஏறி உட்காரும் சிறு குறி ஒன்று உண்டு. பாக்டீரியாக்களிடம் அது ஏராளம். எலியின் மூளையிலும் இருக்கிறது என்பது எங்கள் பேராசிரியர் பியோவின் கட்சி. அந்தக் குறியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிக்காக இரண்டு முயல்களுக்கு ஊசி போட்டோம். முதலாவது கைவிரித்துவிட்டது. இரண்டாம் கூண்டு கொடுத்தது. பெயர் வைக்கக் கூடாது என்பது விதி, அதனால் கடைசிவரை அதன் பெயர் இரண்டாம் கூண்டுதான். செர்ரி பூத்த சமயத்தில் அதன் ரத்தம் முழுவதையும் எடுத்தோம். மயக்க மருந்து கொடுத்த பிறகுதான் எடுத்தோம். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. யுன்சுல் அதன் காதை வருடிக்கொண்டே நின்றாள்.

குறி இருக்கும் சொட்டை அந்த ஆன்டிபாடி கறுக்கவைக்கும்; எலி மூளையின் சொட்டுகளும் கறுத்தன. கட்டுரை எழுதியாயிற்று. முதல் பெயர் யுன்சுல், அடுத்தது நான். அவளுடைய டாக்டர் பட்டமே அதன் மேல்தான் நிற்கிறது.

"நாலாவதுல என்ன வெச்ச?"

"எலியே இல்லக்கா. சுத்தம் பண்ற நொதி மட்டும்."

இதுவரை வெற்றுச் சொட்டாக நாங்கள் வைத்தது வெறும் தண்ணீர். அது கறுக்கவில்லை, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். டி.என்.ஏ.வைச் சுத்தப்படுத்தச் சேர்க்கும் நொதியை யாரும் சந்தேகப்படவில்லை. அதைப் பாக்டீரியாவில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். கூடவே பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல, தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"முயல் சரியாத்தான் காட்டியிருக்கு," என்றாள். "நாமதான் எலின்னு நினைச்சிட்டோம்."

"இன்னொரு தடவ போட்டுப் பாரேன்."

"போட்டுப் போட்டுப் பாத்துட்டேங்க்கா."

"சரி. நாளைக்கு நினைவுநாள் முடியட்டும். அப்புறமா சார்கிட்ட பேசலாம்."

 நாளை நன்றியுரை படிக்க வேண்டியவளே அவள்தான்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் விலங்குக் கூடத்துக்குப் பின்னால், ஆய்வில் உயிர்விட்ட விலங்குகளுக்காக நட்ட கல்லின் முன் கூடுவோம். கேரட், முட்டைக்கோஸ், தீவனம், வெள்ளைச் சாமந்தி வைப்போம். அந்த வருடம் யாருடைய ஆய்வு பெரிதோ அவர் விலங்குகளைப் பார்த்து நன்றி படிப்பார். யுன்சுலின் உரையைப் பேராசிரியர் பியோவே திருத்திக் கொடுத்திருந்தார்.

"கேரட்டக் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா," என்றார் அவர் மறுநாள் காலையில். "நம்ம நிறுவன டைரக்டர் சாப்பிடாம வந்திருக்காரு, கை வெச்சிருவாரு." எல்லோரும் சிரித்தோம். யுன்சுல் சிரிக்கவில்லை.

அவள் நிதானமாகப் படித்தாள். எலிகளுக்கு நன்றி, முயல்களுக்கு நன்றி. 'உங்கள் உயிரால் மூளையில் ஒரு புதிய குறியைக் கண்டோம்' என்ற வரி வந்தது. நின்றாள். காற்றில் சாமந்தி ஒன்று உருண்டது, யாரும் எடுக்கவில்லை. படி, படித்துத் தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

காகிதத்தை மடித்தாள். கல்லைப் பார்த்தாள்.

"ரெண்டாம் கூண்டு, நீ சரியாத்தான் காட்டின. அந்தக் குறி எலியோடது இல்ல. நொதியோட வந்த பாக்டீரியாவோடது. நாங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம். உன் ரத்தத்த வெச்சு உன் முன்னாடியே பொய் படிக்க என்னால முடியல. மன்னிச்சிரு."

டைரக்டருக்குப் பாதி புரிந்திருக்கும். பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரையும் போலத் தலை குனிந்து வணங்கினார். நிமிர அவருக்கு நேரமானது.

கூட்டம் கலைந்ததும் எங்களிடம் வந்தார்.

"நொதிய மட்டும் தனியா வெச்சியா?"

"வெச்சேன் சார்."

"கறுத்துச்சா?"

"கறுத்துச்சு சார்."

"எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா, இன்னிக்கு மட்டும் படிச்சிருன்னு சொல்லியிருப்பீங்க சார்."

நான் தரையைப் பார்த்தேன். நேற்றே அதைச் சொன்னவள் நான். அவர் என் பக்கம் திரும்பி, "உனக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும் சார்."

 கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பதினொரு வருடமாக அந்தக் குறியைத் தேடுகிற மனிதர். கட்டுரை இனி என்ன ஆகும், யுன்சுல் என்ன ஆவாள் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் துணிவு வரவில்லை.

கல்லுக்கு வைத்த கேரட்டை வீணாக்குவதில்லை. கழுவி, உயிரோடு இருப்பவற்றுக்குக் கொடுத்துவிடுவோம். அந்த வேலையை யுன்சுல் தானே எடுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன்.

இரண்டாம் கூண்டில் புது முயல் வந்திருந்தது. காதில் அடையாள எண்ணைப் பச்சை குத்திய மை இன்னும் காயவில்லை போலத் தெரிந்தது. கம்பிக்குள் கேரட்டை நீட்டினாள். அது மூக்கைச் சுருக்கி முகர்ந்து, பிறகு நறுக் நறுக்கென்று கடிக்கத் தொடங்கியது. கேரட் குட்டையாகிக்கொண்டே வந்தது. பல் விரலுக்கு அருகில் வந்த பிறகும் அவள் மறு முனையை விடவில்லை.