லபுயோ குழுவின் நான்காவது ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த கேசட்டில் பாடியது நாங்கள் இல்லை. கிளெண்டா, சரித்தோ, நான், மூன்று பேரும் ஆடினோம், உதட்டை அசைத்தோம், அட்டைப் படத்துக்குச் சிவப்புக் குட்டைப் பாவாடையில் இடுப்பை ஒடித்து நின்றோம். பாடியது நெலியா அக்கா. குழுவுக்கு 'லபுயோ' என்று பெயர் வைத்தவர், எங்களைச் சேர்த்து கேசட் போட்ட முதலாளி பாஸ் எர்னிங். எங்கள் ஊரில் காந்தாரி மிளகாய்க்கு அதுதான் பெயர். மணிலாவில் அந்த வருஷம் மூலைக்கு மூலை இப்படி ஒரு பெண்கள் குழு ஆடிக்கொண்டிருந்தது. பாதிப் பேருக்குக் குரல் கடன்தான்.

நெலியா அக்கா செபு பக்கத்துக்காரி. பருத்த உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு, பேச்சில் தெற்குத் தீவுகளின் இழுப்பு. பாடும்போதும் அந்த இழுப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் குரலுக்கு அதுதான் அழகு. "இவள மேடையில ஏத்துனா மைக்கே எறங்கி ஓடிரும்" என்று பாஸ் அவள் காதுபடவே சொல்வார். அவள் சிரித்துக்கொண்டே தொண்டையில் பச்சைத் தைலத்தைத் தடவிக்கொள்வாள்.

"ஏட்டி வாஞ்சி, நீ வாயத் தொறந்து தொறந்து மூடு. மத்தத நா பாத்துக்கிடுதேன்" என்பாள் என்னிடம். எவஞ்சலின் என்பது ஞானஸ்நானப் பெயர். எல்லோருக்கும் நான் வாஞ்சிதான்.

எனக்கோ பாட வேண்டும் என்று வெறி. சின்ன வயதிலிருந்து மலபோன் தேவாலயத்துப் பாட்டுக்குழுவில் நின்றவள் நான். என் குரல் மெலிசு, உச்சிக்குப் போனால் பிசிறும். ஆனாலும் என்னுடையது. அடுத்த கேசட்டில் ஒரு பாட்டு உனக்கு என்று பாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் அந்தப் பாவாடையையும் பாஸின் நகைச்சுவையையும் பொறுத்துக்கொண்டேன்.

எங்கள் 'சுழலு சுழலு' பாட்டு வெளியாகி, ஊரில் ஓடும் ஜீப்னி வண்டிகளில் எல்லாம் அலறிக்கொண்டிருந்த நேரத்தில் நெலியா அக்காவுக்கு டெங்கு வந்தது. வாரம் முடிவதற்குள் போய்விட்டாள்.

மணிலாவின் தொண்டோ பகுதியில் அவள் வீட்டு முன்னறையில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குக் கீழே அவள் முகத்துக்கு நிறையப் பவுடர் பூசியிருந்தார்கள். தழும்பே தெரியவில்லை. வாசலில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டும் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டும் இருந்தார்கள். அவளுடைய அம்மா உர்சுலா என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஒங்க கூடத்தான மேடையில நின்னா எம் மவ? டிவியில தேடுவேன், ஆளக் காணாது. கேட்டா, பின்னால இருட்டுல நிக்கேன்மா, அதான் தெரியலம்பா."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரித்தோதான் முதலில் சுதாரித்தாள். "ஆமாம்மா, எங்களுக்குப் பின்னாடிதான் நிப்பாங்க."

நானும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

துக்க வீட்டார் யாரையும் வாசல்வரை வந்து அனுப்ப மாட்டார்கள். நாங்களாகவே வெளியே வந்து பாஸின் காரில் ஏறினோம். அங்கிருந்து நேராக எங்கேயும் போகக் கூடாது. வழியில் ஏதாவது கடையில் இறங்கி, ஒரு காபியாவது குடித்து, செத்த வீட்டிலிருந்து கூடவே வந்ததை அங்கே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். எங்களில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு டிவியில் நேரடி நிகழ்ச்சி. தெருவில் வண்டிகள் நகரவே இல்லை.

"பாஸ், அந்த பேக்கரிகிட்ட நிறுத்துங்க" என்றாள் கிளெண்டா. "ஆளுக்கொரு ரொட்டி வாங்கிட்டு ஓடியாந்துர்றோம்."

"மணியப் பாத்தியா? இங்க நிறுத்துனா ஒங்க மூஞ்சிக்கு பதிலா சோப்பு விளம்பரம்தான் ஓடும்."

"வெளையாடாதீங்க பாஸ். கூடவே வந்துரும்."

"வீட்டுக்கா போறோம்? ஸ்டூடியோவுக்குத்தானே போறோம். அதையே கடைன்னு நெனச்சுக்க. வர்றவ அங்கயே எறங்கிக்கட்டும்."

சரித்தோ சிரித்தாள். கிளெண்டா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டூடியோ வாசலில் பாஸ் முதலில் இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றார். ஏன் என்று பிறகு கேட்டேன். இன்னும் ஒரு ஆள் இறங்க வேண்டும் என்று தோன்றியதாம்.

மேடையில் எங்கள் மைக்குகளுக்கு வயரே கிடையாது. கையில் பிடிக்க ஒரு பொருள், அவ்வளவுதான். டேப் ஓடும், நாங்கள் ஆடுவோம். அன்று இரண்டாவது சரணத்தில் டேப் சிக்கிக்கொண்டது. இழுவையாக ஒரு சத்தம் வந்து இசை நின்றது. கூட்டம் "ஓ" என்று சிரிக்க ஆரம்பித்தது. மானம் போயிற்று என்று நினைத்தபடி, பழக்கத்தில் என் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அப்போது பாட்டு வந்தது. வயர் இல்லாத மைக்கிலிருந்து, அந்தக் கூடம் நிறைய, நெலியா அக்காவின் குரல். என் நெஞ்சு அதிர்ந்தது. மூச்சு என்னுடையது, தொண்டை என்னுடையது, குரல் மட்டும் அவளுடையது. வாயை மூடப் பார்த்தேன், முடியவில்லை. பாட்டை முடித்த பிறகுதான் அது என்னை விட்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தாளம்கூட இல்லாமல் நிஜமாகவே பாடிவிட்டாள் என்று நிகழ்ச்சி நடத்துபவர் என் கையைத் தூக்கிக் காட்டினார். எனக்கு மூக்கில் பச்சைத் தைல வாசனை அடித்தது.

மறைக்காமல் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். பத்திரிகையில் நான் நடுவில், மற்ற இருவரும் ஓரத்தில். சரித்தோகூட முகம் சுளிக்கவில்லை. "எவ பாடுனா என்னடி, சோறு வேகுதுல்ல" என்றாள்.

பிறகு ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே பழைய தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தேன். என் பாட்டு அது, எனக்கு மட்டுமே பழக்கமான பாட்டு. அதுவும் அவள் குரலில் வந்தது. கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டேன். வாளிக்குள் குனிந்து, வேண்டுமென்றே கட்டைக் குரலில், கீச்சுக் குரலில் எல்லாம் பாடிப் பார்த்தேன். எப்படிப் பாடினாலும் அவள்தான் பாடினாள்.

அடுத்தது பேச்சு. கடையில் அரிசி கேட்கப் போய், "ஏட்டி, நல்ல அரிசியாப் பாத்துப் போடு" என்றேன். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன வாஞ்சி, செபுவுல ஏதும் மாப்பிள்ள பாத்துருக்கியா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் அரிசியை வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடி முன் நின்று என் பெயரைச் சொன்னேன். என் பெயரை நெலியா அக்கா சொல்வது போலத்தான் கேட்டது.

கிளெண்டாவிடம் அழுதேன். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு பாஸிடம் போனாள்.

"ஒங்களாலதான் பாஸ். ஒரு ரொட்டிக் கடையில நிறுத்தியிருந்தா இந்தப் பாவம் வந்திருக்குமா?"

பாஸ் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார். செத்தவர் உயிர் நாற்பது நாள் இங்கேயே சுற்றும், நாற்பதாம் நாள் வீட்டார் ஜெபம் சொல்லி அனுப்பினால்தான் போகும் என்பது எங்கள் நம்பிக்கை. விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்கு. ஒரு முழு கேசட் எடுத்துரலாம்."

"பாஸ், நீங்க மனுஷனா?" என்றாள் கிளெண்டா.

"யாருக்கு என்ன நஷ்டம்? அவளுக்கும் பாடணும், எனக்கும் பாட்டு வேணும். நாப்பதாம் நாள் அவ போயிருவா. வாஞ்சி, ஒன் குரல் ஒனக்கு. அப்புறம் நான் சொன்ன அந்த ஒரு பாட்டு, அத ஒன் சொந்தக் குரல்ல எடுக்கிறோம். சத்தியம்."

கிளெண்டா அன்றே விலகினாள். ஜப்பானில் ஏதோ ஹோட்டலில் ஆடப் போய்விட்டாள். போகும்போது என்னைத் தொடக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது, எட்ட நின்றே கையசைத்தாள். நான் தங்கினேன். எப்படியும் நாற்பதாம் நாள்வரை அது என்னை விடப்போவதில்லை. அந்த நாள் ஒன்றுதான் எனக்குப் பிடிமானம்.

தினமும் ரெக்கார்டிங். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாஸ், இந்தப் பக்கம் நான். பாட்டைப் படித்துப் பார்க்கக்கூடத் தேவைப்படவில்லை. நான் பார்த்தே இராத வரிகளை அவள் பாடினாள். நான் மூச்சு வாங்க நினைக்கும் இடத்தில் வாங்க விடமாட்டாள். வீட்டுக்கு வந்தால் பேசவே மாட்டேன். என் குரல் எப்படி இருந்தது என்பதே மறந்துவிடுமோ என்று, படுத்தபடி மனசுக்குள்ளேயே அதைக் கேட்டுப் பார்ப்பேன். முதலில் தெளிவாகக் கேட்டது. பிறகு பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல ஆனது.

அந்த கேசட் பிறகு வெளியாகி, ஒரு மழைக்காலம் ஓடியது. சரித்தோ கல்யாணம் செய்துகொண்டாள், ஜனங்களுக்கு வேறு ஆட்டம் பிடித்துப்போனது, லபுயோவை எல்லோரும் மறந்தார்கள். அதெல்லாம் கிடக்கட்டும். நாற்பதாம் நாளுக்கு முந்தின பகலில் நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும். வாயால் சொல்ல என்னால் முடியாது.

கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் ஜெபத்துக்கு எங்களை அழைக்க உர்சுலா அம்மா வந்திருக்கிறாள். கறுப்பு உடையோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நுழைந்தவள், ஸ்பீக்கரில் வந்த குரலைக் கேட்டு அப்படியே நின்றாள். பழைய பதிவு என்று நினைத்திருப்பாள். பிறகு என் வாய் அசைவதைப் பார்த்தாள். பாஸ் தடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

பாட்டு பாதியில் நின்றது. நான் நிறுத்தவில்லை.

"அம்மா" என்றது என் வாய். "காலு வீங்கியிருக்கே. இவ்வளவு தூரம் நடந்தா வந்த?"

உர்சுலா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தழும்பு இல்லாத கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மறுநாளோடு எல்லாம் முடிந்துவிடும், பாவம், ஒருமுறை பேசிக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன்.

உர்சுலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாஸ் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு ஜெபம் வேண்டாம். பாதிரியார்ட்ட சொல்லிருதேன்."

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் பாஸ். "அனுப்பணும்ல?"

"எங்க அனுப்ப? எம் புள்ள இங்கதான இருக்கா."

நான் அவள் கையைப் பற்றிக்கொண்டேன். பேசப் பயந்து, தலையை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் 'நான் வாஞ்சி, ஜெபம் சொல்லுங்கள்' என்று கிறுக்கி அவள் முன்னால் நீட்டினேன். அவள் படித்தாள். நிதானமாகப் படித்து, மடித்து, என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நீ யாருன்னு தெரியும்மா" என்றாள் மெதுவாக. "நீ நல்ல பொண்ணு. என்ன மன்னிச்சிரு. எனக்கு வேற மவ கெடையாது."

எனக்குள் இருந்த மூச்சையெல்லாம் திரட்டினேன். மெலிசாக, பிசிறாக, எப்படி இருந்தாலும் சரி, ஒரே ஒரு வார்த்தை என் குரலில் வந்தால் போதும் என்று கத்தினேன்.

"அழாதம்மா" என்றாள் நெலியா அக்கா. "நா எங்கயும் போவல."