ஐம்பதுக்கு முப்பது பேனர்

1

இந்தக் கதை எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலிலிருந்து பிறந்தது. முழுக்கக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பிளெக்ஸ் பேனர் கடைகளுக்கு மென்பொருள் எழுதி விற்பவன் நான். பெயர் தேவநாதன். படங்களைத் திறக்க, பெரிதாக்க, அச்சுக்கு அனுப்ப நானே ஒரு லைப்ரரி* எழுதினேன். அதில்தான் ஓட்டை.

(*நூலகம் இல்லை. மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. அடிக்குறிப்பு போட்டால் என்னை விஷயம் தெரிந்தவன் என்று நினைப்பீர்கள், அதற்காகவும்தான் இது.)

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: "சிதம்பரத்தில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பவானி

வேண்டாம். மழை தூறவில்லை. மழையைப் போட்டால் நீங்கள் என்னை மன்னிக்கத் தயாராகிவிடுவீர்கள்.

2

பவானி, சிதம்பரத்தில் ராஜ்கமலின் பேனர் கடையில் டிசைனர். ராஜ்கமல் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். போன வருஷம் ஒரு நாள் போனில் கத்தினான்.

"மச்சான், ஒன் சாஃப்ட்வேர் அம்பதுக்கு முப்பது எடுக்க மாட்டேங்குது. 'அளவு அதிகம்'னு நிக்குது. எதிர்க் கடைக்காரன் நாப்பதடி வச்சிட்டான். இந்தக் காதுகுத்துக்கு அதவிட சின்னதா வச்சேன்னா என் மானமே போயிடும்டா."

அளவைச் சரிபார்த்து அப்படி நிறுத்தும் இரண்டு நிரல் வரிகளையும் யோசித்துத்தான் எழுதியிருந்தேன். அவன் லைனில் இருக்கும்போதே நீக்கி அனுப்பினேன். "சூப்பர்ரா மச்சான்" என்றான். அதற்கு நான் குளிர்ந்துபோனேன். காதுகுத்து பேனர் அதிர்ஷ்டவசமாக ஒழுங்காகவே வந்தது.

அடுத்த மாதம்தான் அந்த மின்னஞ்சல். சிந்துஜா என்ற கல்லூரி மாணவி, முன்பின் தெரியாதவர். இணையத்தில் நான் பொதுவில் போட்டிருந்த லைப்ரரி படத்தின் அளவைப் பார்ப்பதில்லை, மிகப் பெரிய படம் வந்தால் ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதுகிறது என்று எழுதியிருந்தார். யாராவது வேண்டுமென்றே அப்படி ஒரு படம் செய்து அனுப்பினால், அதைத் திறக்கும் கம்ப்யூட்டரையே கைப்பற்றிவிடலாமாம்.

"நன்றி, பார்க்கிறேன்" என்று பதில் போட்டேன். பார்க்கவில்லை. சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். [இந்த வாக்கியத்தை மூன்று முறை அழித்தேன். இருக்கட்டும்.]

3

ஆறு வாரம் கழித்து, பவானியிடம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள். ஒரு பெரியவரின் காரியத்துக்கு ஐம்பதுக்கு முப்பதில் கண்ணீர் அஞ்சலி. இன்னொரு வீட்டுக்குக் கல்யாண வரவேற்பு.

படத்துக்கு இடம் ஒதுக்க, அகலத்தையும் உயரத்தையும் பெருக்க வேண்டும். பேனர் அத்தனை பெரிதானால் விடை அதற்கான கட்டத்தில் அடங்காது. முன் இலக்கம் உதிர்ந்து விடை சிறுத்துவிடும். என் நிரல் கொஞ்சம் இடத்தை ஒதுக்கிக்கொண்டு முழுப் படத்தையும் எழுதியது. மிச்சம் பக்கத்திலிருந்த கல்யாணப் படத்தின் மேல் போய் விழுந்தது. திரையில் தெரியும் சின்னப் படம் முன்பே தனியாகத் தயாரானது, அதில் கோளாறு ஒன்றுமில்லை. பவானி பார்த்தாள், பெண் வீட்டாரும் பார்த்தார்கள். அச்சான பேனர் பின்கட்டிலிருந்து சுருட்டியபடியே மண்டபத்துக்குப் போனது.

முகூர்த்தத்தன்று காலையில் விரித்துக் கட்டியபோது, மணப்பெண்ணின் தோளுக்கு மேலே இறந்தவரின் மாலை போட்ட முகம், பாதி.

மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். ராஜ்கமல் எனக்குப் போன் போட்டான். "மச்சான், சாஃப்ட்வேர்ல ஏதாச்சும் கோளாறா?" பின்னால் பவானியின் குரல்: "நான் பாத்துட்டுதாண்ணா அனுப்புனேன். ஸ்கிரீன்ல சரியாதான் இருந்துச்சு."

"இருக்காது மச்சான்," என்றேன். "ரெண்டு ஃபைலையும் ஒண்ணா தொறந்து வச்சிருப்பாங்க."

இரண்டாவது வாக்கியத்தில் பொய் ஒன்றுமில்லை. இரண்டையும் திறந்துதான் வைத்திருந்தாள். அப்படித் திறந்து வைத்து வேலை செய்யலாம் என்று சொல்லித்தான் மென்பொருளையே விற்றேன்.

அவளை அன்றே நிறுத்திவிட்டான். நான் மதியம் அந்த இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்த்தேன். புதிய பதிப்போடு அனுப்பும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதியது: "சிறு திருத்தங்கள்." வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

4

முடிவு அ: நான் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் ராஜ்கமலிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். (எழுதிப் பார்த்தேன். அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பவானிக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்து, எல்லாம் நன்மைக்கே என்று

இல்லை. சிதம்பரத்தில் எந்தக் கடையும் அவளைச் சேர்க்கவில்லை. எட்டு மாதமாகப் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள்.

5

இன்று பதினோரு மணிக்குப் பவானியே கூப்பிட்டாள். பண்ருட்டியில் ரத்தினம்மாள் என்பவர் புதிதாகப் பேனர் கடை போட்டிருக்கிறார்.

"அண்ணா, இவுங்களும் உங்க சாஃப்ட்வேர்தான் வச்சிருக்காங்க. அந்தக் கல்யாண விஷயம் இங்க வரைக்கும் வந்துடுச்சு. நான் கவனமா வேல செய்யுறவன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. ஸ்பீக்கர்ல போடுறேன்."

"நல்ல பொண்ணுங்க," என்றேன். "வேலையில கெட்டி."

"பாத்தாலே தெரியுது சார்," என்றார் ரத்தினம்மாள். "அப்போ அந்தத் தப்பு எப்படி வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க, நாளையிலேருந்து வரச் சொல்லிடுறேன்."

"சிக்னல் சரியில்லீங்க, திரும்பக் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

வைத்ததும் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இப்போது மணி ஒன்று பத்து. இடையில் பவானி இரண்டு முறை கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது: "அண்ணா நான் கடையிலயேதான் நிக்கிறேன். சிக்னல் வந்ததும் கூப்புடுங்க."

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் உங்களிடம் ரத்தினம்மாளின் எண் இல்லை.