மூழ்க மறுத்த பெட்டி

என் புருஷன் மாக்னஸ் சாகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்னை மலைமேல கொண்டுபோய்ப் புதைச்சிராத, எப்பி. அண்ணன் கிடக்கிற இடத்துல விட்ரு."

அண்ணன் ராபி வாலிப வயதிலேயே வலையோடு சேர்ந்து கடலுக்குள் போனவர். எங்கள் ஸ்கார்விக் துறைக்கு வடக்கே, பாறைத்திட்டைத் தாண்டியதும் அந்த இடம். அதைக் கடக்கும்போது மாக்னஸ் தொப்பியைக் கழற்றாமல் இருந்ததே இல்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். சாகிறவரிடம் வேறு என்ன சொல்ல? ஆனால் உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது. கல்யாணமான நாள் முதல் பாதி வாழ்க்கை அவரைக் கடலுக்கு விட்டுக்கொடுத்தவள் நான். செத்த பிறகாவது மலைமேல் கல்லறைத் தோட்டத்தில் எனக்கும் பக்கத்தில் இடம் விட்டுப் படுப்பார் என்று நம்பியிருந்தேன். கடைசியிலும் கடலுக்கே ஜெயம்.

வாக்கு கொடுத்தாயிற்று. ராபியின் மகன் கென்னத்திடம் போய்ப் படகு கேட்டேன்.

"பெட்டியை ஏத்திக்கிறேன் சித்தி. சித்தப்பா வராத படகா இது? ஆனா நீங்களும், அந்தக் கறுப்புச் சட்டைக்காரரும்..." என்று இழுத்தவன், அபசகுனம் ஒட்டாமலிருக்கச் சட்டென்று பக்கத்திலிருந்த இரும்பு வளையத்தைத் தொட்டுக்கொண்டான். படகுப் பக்கம் நின்று போதகர் என்ற சொல்லைக்கூட எங்கள் ஆட்கள் உச்சரிக்க மாட்டார்கள். பெண்ணும் போதகரும் ஏறிய படகில் மீன் ஏறாது என்பது இங்கே எல்லாரும் நம்புவது.

"நான் இல்லாம உன் சித்தப்பாவை அனுப்புவியா?"

"சின்னப் படகைப் பின்னால கட்டி இழுக்கிறேன். ரெண்டு பேரும் அதுல உக்காந்து வாங்க. அது வேற படகு, கணக்குல வராது."

அப்படித்தான் நானும் போதகர் கெடிஸும் பசுவின் பின்னால் கட்டிய கன்றாக இழுபட்டுப் போனோம். அவர் நகரத்துக்காரர். துறைமுகச் சுவரைத் தாண்டும் முன்பே அவர் முகம் வெளிறிவிட்டது. வேதப்புத்தகத்தை ஒரு கையிலும் என் தோளை மறுகையிலும் பிடித்திருந்தார்.

பெட்டியைச் செய்தது ஹெக்டர். ஊரில் பாதிப் படகுகள் அவன் கட்டியவை. மாக்னஸுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். அடியில் இரும்பு வை, நாலு பக்கமும் ஓட்டை போடு, உடனே மூழ்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அழுதுகொண்டே தலையாட்டினான்.

பாறைத்திட்டைத் தாண்டியதும் கென்னத் இன்ஜினை நிறுத்தினான். போதகர் எழுந்து ஜெபம் சொன்னார். பாதியைக் காற்று கொண்டுபோனது. பெரிய படகில் நின்ற ஹெக்டரும் மற்றவர்களும் பெட்டி இருந்த பலகையைச் சாய்த்தார்கள். பெட்டி சரிந்து விழுந்து, தண்ணீருக்குள் போனது.

பிறகு மேலே வந்தது. வந்து, கொஞ்சம்கூடச் சாயாமல், ஜம்மென்று மிதந்தது.

"ஹெக்டர்!" என்று கத்தினேன். "ஓட்டை போட்டியா இல்லையா?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "போட்டுட்டுப் பாத்தேன், எப்பி. தண்ணி ஏறுற இடத்துல ஓட்டை. மனசு கேக்கல. அடைச்சுட்டேன்."

"அடைச்சியா!"

"தாரும் பூசிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் துடுப்பை எடுத்து வீசியிருப்பேன். வாழ்நாள் முழுக்க ஓட்டை அடைத்த கை. அதன்மேல் என்ன குற்றம் சொல்வது? வைத்த இரும்பையும் படகுக்கு வைப்பதுபோல நடுவாக, வரிசையாக வைத்திருக்கிறான். அவன் கட்டியதிலேயே அதுதான் நல்ல படகு.

கடல் ஏறும் நேரம், நீரோட்டம் கரைப்பக்கம் திரும்பியிருந்தது. பெட்டி மெல்ல ஊரைப் பார்த்து நகர்ந்தது. கடல் கரையில் ஒதுக்கிவிட்டதை எங்கள் ஊரில் யாரும் திரும்பக் கடலில் விட மாட்டார்கள். அது மண்ணுக்குச் சேர்ந்தது. ஒதுங்கினால் மாக்னஸுக்கு மலைதான்.

வழியில் பெட்டி எங்கள் சின்னப் படகில் வந்து முட்டியது. போதகர் குனிந்து அதன் கயிற்றுப் பிடியை இறுகப் பற்றினார்.

"பிடிச்சுட்டேன்மா! இப்ப என்ன செய்யணும்?"

விட்டுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீரோட்டம் மாக்னஸைக் கரையில் சேர்த்துவிடும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. மலைமேல் எனக்குப் பக்கத்தில் கிடப்பார், ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பேசலாம். வாயில் வந்துவிட்டது அந்த வார்த்தை. ஆனால் சாகும்போது அவர் கேட்டது என்னிடம்தான், கடலிடம் இல்லை.

"ஹெக்டர், உன் துளைப்பானைக் குடு."

"என்னால ஆகாது எப்பி. நான் கட்டினதை நானே முழுகடிக்கிறதா?"

"உன்னை யாரு கேட்டா? கருவியைக் குடு!"

கென்னத் கயிற்றை இழுத்து எங்களைப் பக்கத்தில் கொண்டுவந்தான். ஹெக்டர் எந்நேரமும் பையில் வைத்திருக்கும் துளைப்பான் என் கைக்கு வந்தது. நான் முட்டி போட்டுக் குனிந்தேன். போதகர் ஒரு கையால் பெட்டியையும் மறுகையால் என் கோட்டையும் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல பக்கவாட்டுல, தண்ணிக்குக் கீழ!" ஹெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டே கத்தினான். "அப்புறம் மூடியில ஒண்ணு! காத்து வெளிய போகணும்ல! கால்மாட்டுல போடு எப்பி, தலைமாட்டுல வேண்டாம்!"

"தெரியும்டா, சும்மா இரு!"

நல்ல மரம். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. பக்கங்களில் போட்டு முடித்து மூடியில் துளைத்தபோது உள்ளேயிருந்து காற்று நீளமாக வெளியே வந்தது. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றிவிட்டு மாக்னஸ் விடும் மூச்சு மாதிரியே இருந்தது. அழுகை முட்டியது.

கால்மாடு முதலில் தாழ்ந்தது. போதகர் பிடியை விட்டார். என் உள்ளங்கை மட்டும் மூடியின்மேல் இருந்தது. தண்ணீர் விரல்மேல் ஏறியது, மணிக்கட்டைத் தொட்டது. பிறகு கைக்குக் கீழே பலகை இல்லை.

கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அதுவும் நின்றது.

"அப்பாகிட்ட போயாச்சு சித்தி," என்றான் கென்னத்.

"எவ்வளவு நேரா இறங்குச்சு, பாத்தியா?" என்றான் ஹெக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் சிரித்தேன். போதகரும் சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். அப்பாடா என்று இருந்தது. மாக்னஸ் செத்த நாளிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

"கென்னத், நான் போனாலும் இங்கயேதான். மலையில வேற யாராவது படுத்துக்கட்டும்."

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கு சித்தி. கெட்டியாப் பிடிச்சு உக்காருங்க, திருப்புறேன்."

இன்ஜின் கிளம்பியது. ஊர் வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. இடம்தான் எனக்குத் தெரியுமே.