ரெண்டு ஃபைல்

…இல்லை, கோபப்படக்கூடத் தெம்பில்லை, கம்பெனி பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போதுதான் ஃபோனைத் திறந்தேன், கூட வேலை செய்யும் முத்துமாரி என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள், எங்கள் விசைப்பலகை வாட்ஸாப் குரூப்பில் நவநீதன் தன் ரகசியச் சாவியைப் போட்டிருக்கிறான், நூற்றி நாற்பது பேர் பார்க்க. எட்டு மாதமாக இதைத்தானே தொண்டை வற்றச் சொன்னேன்… சம்பளமில்லாமல் நாம் செய்யும் தமிழ் விசைப்பலகைக்கு காசு கேட்கும் ஒரு மென்பொருள் கம்பெனியின் பூட்டு எதற்கு, இலவசக் கருவியிலேயே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு வெளியிடலாம், ஆளுக்கு ரெண்டு சாவி, ரெண்டும் வெறும் ஃபைல்தான், பொதுச் சாவியை ஊருக்கே காட்டலாம், ரகசியச் சாவியைப் பெற்ற தாய்க்கும் காட்டக்கூடாது, அது கிடைத்தால் எவனும் உங்கள் பெயரில் எதையும் வெளியிடுவான்… தலையாட்டினார்கள். போன ஞாயிறு காட்பாடி ஸ்டேஷன் டீக்கடையில் கையெழுத்துப் போடப்போகும் ஆறு பேர் ஆதார் கார்டும் கையுமாக நின்று, அவரவர் பொதுச் சாவிக்கு அடையாளமான நாற்பது எழுத்தையும் வாசித்துச் சரிபார்த்தோம். "இன்னாம்மா, சீட்டு குலுக்கறீங்களா?" என்றார் டீக்கடைக்காரர். குடியாத்தத்தில் தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்த நவநீதன் ஓர் எழுத்துத் தப்பாமல் வாசித்தான். இனி பொதுச் சாவியை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொல்லித்தான் எல்லாரையும் அனுப்பிவைத்தேன். அவனா இப்படிச் செய்தான்?

கம்பெனிப் பூட்டே போதும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லும் டேனியல் அண்ணன் குரூப்பில் எழுதியிருக்கிறார், "நான் அப்பவே சொன்னேன் நிஷா, இது நம்மாளுங்களுக்கு ஒத்துவராது. ரகசியம் காப்பாத்தத் தெரியாதவன மொதல்ல தூக்கணும். எவன் இவனுக்கு சொல்லிக் குடுத்தது?" கீழே பன்னிரண்டு கட்டைவிரல். நவநீதனிடமிருந்து ஒரே வரி, "சாரி நிஷாக்கா." ஏன், வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டா… அய்யோ, நேற்று. நேற்று சாயங்காலம், ஷிப்ட் முடிந்து இதே பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கூப்பிட்டானே, பின்னால் தறிச் சத்தம், "அக்கா, ரெண்டு ஃபைல் இருக்குதுக்கா, எத அனுப்பணும்?" கால் கடுப்பு, கையில் காய்கறிப் பை, இதுகூடவா தெரியாது என்று எரிச்சல், "ரெண்டையும் குரூப்ல போட்டுடு, நான் பாத்துக்கறேன்." நான்தான் சொன்னேன். கேட்டவனே அவன் ஒருவன்தான், மற்றவர்கள் கேட்கக்கூட இல்லை.

ஆம்பூர் வந்துவிட்டது. கம்பெனி கேட்டில் ஃபோனைக் கொடுத்தால் சாயங்காலம்தான் கைக்கு வரும், அதற்குள் நவநீதனைக் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். 'நான்தான் சொன்னேன்' என்று எழுதினேன், அழித்தேன். அனுப்பினால் எட்டு மாத உழைப்பும் போய்விடும், டேனியல் அண்ணன் பழைய பூட்டையே கொண்டுவருவார்… முத்துமாரி எழுந்து, "எறங்குக்கா, இன்னா பாத்துக்கினே இருக்க?" என்கிறாள். 'அக்காதான் போடச் சொன்னாங்க' என்று நவநீதன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். ரகசியம் காப்பாற்றத் தெரியாதவனாம். என்னுடையதை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். செக்யூரிட்டி கையை நீட்டுகிறார், நான் ஃபோனை இன்னும் கொடுக்கவில்லை.